நுரை மட்டும்

கையில் தேநீருடன் முற்றத்துக்கு வந்தேன். என் கணவர் காருக்கு முகப்பவுடர் போட்டுக்கொண்டிருந்தார்.

அப்படித்தான் தெரிந்தது. கறுப்புக் கார். அதன் முன்மூடியான பொனற் முழுவதும் வெள்ளைப் பசை. சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்கையால் வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். காலடியில் ஒரு வாளித் தண்ணீர். பக்கத்தில் ஒரு சிரட்டை, அதற்குள் வெள்ளைத் தூள். மதிலின் மேல் நாலைந்து கணவாய் ஓடுகள் வரிசையாக வெயில் காய்ந்தன.

"என்ன இது?" என்று கேட்டேன்.

"நுரை," என்றார்.

அவர் அல்பிரட் மாஸ்டர். முப்பது வருடத்துக்குக் கிட்ட விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். பொனற்றின் மூலைகளைச் சுட்டுவிரலால் தேய்த்து முடித்த பிறகுதான் வாளியைத் தூக்கினார்.

தண்ணீர் வடிந்தது. கார் மினுங்கியது. தென்னை ஓலை, மதில், என் கையிலிருந்த கோப்பை எல்லாம் அதற்குள் தெரிந்தன.

"பாத்தீரோ," என்றார்.

அந்தப் பெருமை அரை நிமிடம் நீடித்தது. மன்னார்த் தீவில் எங்கள் ஊரான கீரியில் காலை ஒன்பது மணி வெயிலுக்கு ஒரு பொனற்றைக் காயவைக்க அதற்கு மேல் தேவையில்லை. ஈரம் விலக விலகக் கோப்பை மறைந்தது. பிறகு மதில், பிறகு ஓலை. கடைசியில், காய்ந்த துணியால் அழித்த கரும்பலகையின் நிறத்தில் ஒரு பரப்பு எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தது. எங்களை அது காட்டவில்லை.

அவர் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார். மினுங்கியது. காய்ந்தது. திரும்பவும் கரும்பலகை.

"இன்னுமொருக்காத் தேய்ச்சாச் சரி வரும்," என்று சிரட்டையை எடுத்தார். நான் சிரட்டையைப் பிடுங்கிக்கொண்டேன்.

கார் எங்களுடையது அல்ல.

யானையும் உப்பும்

கார் நிசாம் நானாவுடையது. மறிச்சுக்கட்டியில் சீமெந்தும் கம்பியும் விற்பவர். நான் பத்திரிகைக்குச் செய்தி எழுதிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு மாரியில் முசலிப் பக்கம் வெள்ளம் பார்க்கப் போய் வெள்ளத்துக்குள்ளேயே அகப்பட்டேன். இரண்டு நாள் அவர் வீட்டில் சோறு தின்றேன். அன்று தொடங்கியது. கிறிஸ்மஸ் நத்தாருக்கு அவர் வருவார், பெருநாளுக்கு அவர் வீட்டு வட்டிலப்பம் வரும்.

அவருடைய மகனுக்கு எருக்கலம்பிட்டியில் பெண் பேசி முற்றாகியிருந்தது. நிக்காஹ் பெண் வீட்டில். மாப்பிள்ளை எங்கள் வீட்டில் உடுத்துக்கொண்டு புறப்படுவதென்று ஏற்பாடு. அதற்கென்றே வாங்கிய கார். கல்யாணத்துக்கு முன் நானாவும் மனைவியும் மக்காவுக்கு உம்றாப் பயணம் போகிறார்கள். மகன் கட்டாரிலிருந்து கடைசி வாரம்தான் வருவான். அதுவரை கார் எங்கள் முற்றத்தில் நிற்கட்டும் என்று கொண்டுவந்து விட்டார்.

"எங்கட பக்கம் விட்டா யானை வந்து தள்ளிப் பாக்கும். குரங்கு வந்தா வைப்பரைப் புடுங்கும். இஞ்ச என்ன வரும்?" என்றார்.

"உப்பு வரும், நானா," என்றேன்.

"உப்புக்குத் தும்பிக்கை இல்லைதானே, தங்கச்சி."

"கழுதையும் வரும்," என்றார் என் கணவர், எதையும் விட்டுவிடக்கூடாது என்று.

"படலையைச் சாத்தி வையுங்கோ, மாஸ்டர்."

உப்பைப் பற்றி நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இந்தத் தீவில் கொடியில் காயப்போடும் உடுப்பை நக்கிப் பார்த்தால் கரிக்கும். ஜன்னல் கம்பி ஆறு மாதத்தில் செம்பட்டையாகும். மன்னார் கழுதைகள் நிறுத்தி வைத்த வாகனங்களை நாக்கால் துடைத்துக்கொண்டு நிற்பதை நான் இரண்டு தரம் கண்டிருக்கிறேன். அன்பினால் அல்ல.

சாவியை என் கணவரின் கையில் வைத்து, அந்தக் கையை இரண்டு கையாலும் பொத்திவிட்டுப் போனார் நானா.

கலண்டர் தாள்

விமானமேறுமுன் நானா எனக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினார். நாலு நிமிடத்துக்கு மேல். காரைப் பற்றி ஒரு நிமிடம். மிச்சம் மகன், கடை, கூரைத் தகரம், வரப்போகும் மருமகள். முடிவில், "அறிஞ்சோ அறியாமலோ ஏதும் குறை நடந்திருந்தா மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று எங்கள் இருவரிடமும் மன்னிப்புக் கேட்டிருந்தார். உம்றாவுக்குப் புறப்படுமுன் அப்படிக் கேட்பது அவர்களின் வழக்கம்.

என் கணவருக்குக் கைத்தொலைபேசியில் நீண்ட பேச்சுக் கேட்கும் பொறுமை இல்லை. "சாராம்சத்தைச் சொல்லும்," என்றார். கலண்டரில் பழைய தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்.

*கார்: கிழமைக்கு ஒருக்கால். நுரை மட்டும். துணி வேண்டாம்.*

ஏழு சொல். அதைவிடச் சுருக்கமாக அதை எழுத முடியாது என்று அப்போது நினைத்தேன்.

இனி அந்தச் சொல். கணவாய் மீனுக்குள் இருக்கும் வெள்ளை ஓடு, மீன் செத்து அழிந்த பிறகு மிதந்து கரைக்கு வரும். அதற்குக் கடல்நுரை என்று பெயர். நாட்டு மருந்துக் கடையிலும் அதே பெயர்தான். என் கணவர் பிறந்து வளர்ந்தது தாழ்வுபாடு என்ற மீனவ ஊரில். அங்கே அவர் வீட்டில் அந்த முதற்பாதியைச் சொல்லி நேரத்தை வீணாக்கமாட்டார்கள். நுரை என்றால் போதும். அலுமினியச் சட்டி துலக்க நுரை, அரிக்கன்லாம்புக் கண்ணாடி துடைக்க நுரை. திருநாளுக்கு முன் கோயிலின் பித்தளை மெழுகுதிரித் தண்டுகளைத் துலக்கவும் நுரைதான். அந்தத் தண்டுகளைச் சின்ன வயதில் ஒவ்வொரு வருடமும் துலக்கியவர் இவர். சோப்பு என்கிற சவுக்காரத்தில் வருவது அவர்கள் வீட்டில் சவுக்கார நுரை. அதற்குத்தான் முன்னொட்டு தேவை.

ஆகவே ஓர் உத்தமமான கட்டளை என்று அதை எடுத்துக்கொண்டு, முதல்நாள் விடியற்காலையில் கீரிக் கடற்கரைக்குப் போய்ப் பொறுக்கி வந்து, கழுவிக் காயவைத்து, இடித்து, அரித்து, என் தாளில் உள்ளபடி துணி படாமல் வெறுங்கையால் தேய்த்திருக்கிறார்.

"இஞ்சருங்கோ, ஒரு காரை ஆரும் கணவாய் ஓட்டால உரஞ்சுவினமோ?"

"நீர் எழுதினதைத்தான் நான் செய்தனான்."

"யோசிக்க வேண்டாமோ?"

"யோசிச்சனான். அது நகத்தால கீறுப்படுற சாமான். பல்லுப்பொடியில போடுறவங்கள். பல்லைக் கீறாதது இரும்பைக் கீறுமோ?"

தர்க்கத்தில் பிழை தெரியவில்லை. பொனற்றில் தெரிந்தது.

குரல் பதிவை இருவரும் திரும்பக் கேட்டோம். "வெறும் துணி போட்டுத் துடைக்கப்படாது, மணல் கீறும். நுரைதான் போட வேணும். டிக்கிக்குள்ள நீலப் போத்தல் ஒண்டு இருக்கு, அதுதான் நுரை. ஒரு மூடி எடுத்துத் தண்ணியில கலக்கி…" டிக்கியைத் திறந்தோம். நீலப் போத்தல், மூடி உடைக்காமல், சாய்ந்து படுத்திருந்தது.

என் கணவர் என்னைப் பார்த்தார். படிப்பிக்கிறவர்களுக்கு அந்தப் பார்வை தொழிலோடு வருவது.

வெட்டும் கை

போன வாரம் இந்தப் பக்கத்தில் என் பத்திரிகை நாட்களைப் பற்றி எழுதியதைப் படித்த ஒருவர், நான் எப்போதும் சரியாகவே எழுதி வந்ததுபோல் ஒரு தோற்றம் இருப்பதாகக் குறைப்பட்டிருந்தார். இந்த வாரப் பக்கத்தை அவர் பத்திரப்படுத்தலாம்.

வெட்டுவதில் நான் கெட்டிக்காரி என்று பெயர். ஒரு பக்கச் செய்தியைக் கொடுத்தால் ஒரு விரற்கடைக்குள் அடக்கித் திருப்பிக் கொடுப்பேன். ஒருமுறை நகரத்தில் நீர்வெட்டு என்று அறிவித்தல் வந்தது. "திங்கட்கிழமை முதல்" என்றிருந்ததில் "முதல்" இடத்தைப் பிடிக்கிறது என்று எடுத்துவிட்டேன். செவ்வாய் காலை குழாயைத் திறந்தவர்களுக்கு நான் மிச்சம் பிடித்த இடம் என்ன விலை என்று தெரிந்தது. ஒருவர் வெறும் வாளியுடன் எங்கள் பத்திரிகைக் கந்தோருக்கு வந்து, அதை என் மேசையில் வைத்து, "முதல் எங்கை, பிள்ளை?" என்று கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனாலும் பழக்கம் போகவில்லை.

பின்பக்கப் படம்

அன்று பின்னேரம் மக்காவிலிருந்து செய்தி வந்தது. "காரைக் கழுவியாச்சோ? ஒரு படம் அனுப்புங்கோ தங்கச்சி, மனிசியும் பாக்கட்டும்."

என் கணவர் பின்பக்கம் போய் நின்று ஒரு படம் எடுத்தார். நல்ல படம். இலக்கத் தகடு தெளிவாக இருந்தது.

"மாஷா அல்லாஹ். முன்பக்கம்?"

முன்பக்கத்துக்கு நாங்கள் விடை தயாரிக்கவில்லை. என் கணவர் காருக்கு உறை போட்டு, உறை போட்ட காரைப் படமெடுத்து அனுப்பினார். "உப்புக் காத்து" என்று அடியில் எழுதினார். அதில் பொய் இல்லை. காற்று வீசியது.

கொஞ்ச நேரத்தில் பதில் குரலாகவே வந்தது. "மாஸ்டர், உங்களைப் போல ஒரு ஆள் கிடைக்க நான் கொடுத்து வைச்சிருக்க வேணும். உங்கள் ரெண்டு பேருக்கும் இஞ்ச துஆ கேட்டனான்."

அன்று இருவருக்கும் இடியப்பம் இறங்கவில்லை.

"பொய் சொல்லேல்லை. சொல்லாம விட்டிருக்கிறம், அவ்வளவுதான்," என்றார் என் கணவர்.

"எங்கட தொழிலில அதுக்குச் செய்தியை அமுக்கிறது எண்டு பேர்."

"அவர் வரமுன்னம் சரிப்பண்ணினா அமுக்கிறதுக்குச் செய்தியே இருக்காதே."

அந்த வாதம் எனக்குப் பிடித்திருந்தது. வெட்கத்தோடு சொல்கிறேன்.

பால் ஆடை

மறுநாள் காரை ரவி பாஸிடம் கொண்டுபோனோம். வாகனங்களுக்குப் பெயின்ற் அடிப்பவர்; மேஸ்திரியை இங்கே பாஸ் என்போம். பேசும்போது ஆளைப் பார்க்கமாட்டார், வாகனத்தைத்தான் பார்ப்பார். பொனற்றுக்கு மேல் ஒரு ரோச் லைற்றைப் பிடித்தார். வெளிச்சத்தைச் சுற்றி ஆயிரம் மெல்லிய வட்டங்கள், சிலந்தி வலை போல.

"ஆர் உரஞ்சினது?"

"ஒரு சயன்ஸ் மாஸ்டர்," என்றேன்.

"என்னத்தால?"

என் கணவர் சொன்னார். பல்லுப்பொடியையும் சேர்த்துச் சொன்னார். "அது இரும்பைக் கீறாது, பாஸ்."

"கீறாதுதான். நீங்கள் உரஞ்சினது இரும்பையில்லையே, மாஸ்டர்."

பிறகு விளக்கினார். இரும்புக்கு மேல் நிறம். நிறத்துக்கு மேல் பால் ஆடை போல நிறமில்லாத ஒரு படை. முகம் தெரிவது அந்தப் படையில்தான். கழுவுவதென்றால் அந்த ஆடையைக் கிழிக்காமல் அதன் மேலிருக்கும் உப்பையும் மணலையும் எடுப்பது. கடற்கரையில் கிடந்த ஓட்டின் துளைகளுக்குள் எவ்வளவு மணல் இருந்திருக்கும் என்று மாஸ்டரே கணக்குப் பார்க்கட்டும் என்றார்.

நான் குறிப்புப் புத்தகத்தை எடுத்தேன். இந்தமுறை வெட்டுவதில்லை என்று தீர்மானித்திருந்தேன்.

தெருவோரத்தில் தண்ணீர் பீச்சிக் கழுவும் இடங்களைப் பற்றிக் கேட்டேன். தண்ணீரில் குற்றமில்லை என்றார். பிறகு எடுத்துத் தேய்க்கும் பிறஸில்தான் குற்றம். முன்னுக்கு வந்த உழவு மெசினின் சேறு அதில் இருக்கும். மண்ணெண்ணெய்த் துணி? மூன்று மணித்தியாலம் மினுங்கும், பிறகு முசலித் தூசி முழுவதையும் கூப்பிட்டு ஒட்டவைக்கும். பாத்திரம் கழுவும் சவுக்காரம் மெழுகையும் சேர்த்துக் கழுவிவிடும். வெறும் கிணற்றுத் தண்ணீரால் கழுவி வெயிலில் விடுவதைப் பற்றிக் கேட்டபோது, அவர் தன் சுவரோரம் நின்ற ஒரு வானைக் காட்டினார். அம்மைத் தழும்புபோல் வெள்ளைப் புள்ளிகள். எங்கள் உவர்த் தண்ணீர் எழுதிய எழுத்து.

அவர் சொன்ன முறை இதுதான். நிழலில் நிறுத்த வேண்டும். முதலில் தண்ணீர் மட்டும் ஊற்றி, மணல் தானாகப் போக விட வேண்டும். பிறகு நுரை ("சவுக்கார நுரை, மாஸ்டர்") போட்டு ஊறவிட வேண்டும், ஆனால் காயவிடக்கூடாது. தொட்டுத்தான் ஆகவேண்டுமென்றால் தடித்த மெல்லிழைக் கையுறை. இரண்டு வாளி வேண்டும். ஒன்றில் சவுக்காரத் தண்ணீர், மற்றதில் கையுறையின் மண்ணை அலசச் சும்மா தண்ணீர். கூரையில் தொடங்கிக் கீழே வர வேண்டும், சில்லுகள் கடைசி, அவற்றுக்கு வேறு துணி. நேர் கோடாக இழுக்க வேண்டும், வட்டம் கூடாது. உடனே மெத்தென்ற துணியை வைத்து ஒற்றி ஈரம் எடுக்க வேண்டும்.

"ஒற்றி. துடைச்சு இல்லை," என்றார் இரண்டாம் முறை. நான் அடிக்கோடு போட்டேன்.

பொனற்றை என்ன செய்வதென்று கேட்டோம். மெசினில் பஞ்சு வட்டு மாட்டி, பசை போட்டு, கீறல் விழுந்த ஆழத்துக்கு ஆடையைச் சீவி எடுத்தால் மினுக்கம் திரும்பும் என்றார். "ஆனா ஒருக்காத்தான் செய்யலாம். ரெண்டாந்தரம் சீவினா ஆடை போயிரும். பிறகு முழுசா அடிக்கிறதுதான் வழி. தேவையில்லாத இடத்தில மெசின் வைக்கவே கூடாது."

அரை நாள் எடுத்தார். முடிந்தபோது பொனற் கிணற்று நீர் போல் இருந்தது. என் கணவர் குனிந்து அதில் தலை வாரினார்.

"நுரைக்கதையே இனி வேண்டாம்," என்றார், வீட்டுக்கு வரும் வழியில். நான் குறிப்புப் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தேன். சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். சம்மதம்தான்.

முழுக் காரும்

நிசாம் நானா திரும்பி வந்த மறுநாளே எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் பேரீச்சம்பழப் பெட்டியும் ஸம்ஸம் தண்ணீரும். உம்றா முடித்து மழித்த தலை. முற்றத்தில் காருக்கு முன்னால் நின்றபோது, அவர் தலைக்கும் பொனற்றுக்கும் நடுவில் வெயில் போய்வந்தது.

கொஞ்சம் பின்னுக்குப் போனார். தலையைச் சரித்தார். முன்னுக்கு வந்தார்.

"மாஸ்டர், இந்தப் பொனற்றுக்கு என்ன செய்தனீங்கள்?"

"கழுவினது," என்றார் என் கணவர், மிகச் சிறிய குரலில்.

"இது வாங்கேக்க இருந்ததைவிட மினுங்குது. கதவைப் பாருங்கோ, இதுக்குப் பக்கத்தில கிழடு தட்டின மாதிரி. கலியாணத்துக்கு இன்னும் நாலு நாள் இருக்கு. பொனற்றுக்குச் செய்ததை முழுக் காருக்கும் செய்து விடுவீங்களோ?"

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் பேரீச்சம்பழப் பெட்டியைப் பார்த்தேன்.

இதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. கண்டுபிடிப்பார் என்று பயந்தோம். கண்டு மகிழ்வார் என்று யோசிக்கவில்லை. ஓம் என்றால் நல்லாயிருக்கும் கதவுகளிலும் கூரையிலும் மெசினை வைத்து, இருக்கிற ஆடையைச் சீவ வேண்டும். இல்லையென்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். அவர் காரைக் காப்பாற்ற ஒரே வழி, அதைக் கெடுத்ததைச் சொல்வது.

"நானா, இருங்கோ," என்று கதிரையை இழுத்துப் போட்டேன். "நீங்கள் அனுப்பின வொய்ஸை நான் சுருக்கி எழுதினனான். பிழை அங்கதான் துடங்கினது."

"தேய்ச்சது நான்," என்றார் என் கணவர் உடனே.

ஒன்றையும் வெட்டாமல் சொன்னேன். கலண்டர் தாள், கணவாய் ஓடு, கரும்பலகை, ரவி பாஸ். உறை போட்ட படத்தையும் சொன்னேன். முடிந்ததும் நானா எழுந்து போய்ப் பொனற்றைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். முதலில் அதில் மணல் இருக்கிறதா என்று ஊதிப் பார்த்துவிட்டுத்தான் தொட்டார்.

"கணவாய் ஓடு," என்றார்.

"ஓம்," என்றார் என் கணவர்.

"என்ர மகன் உங்களிட்டத்தானே சயன்ஸ் படிச்சவன்?"

"ஓம், ரெண்டு வருசம்."

"அதுதான். அவன் ஏன் கொமர்ஸ் எடுத்தவன் எண்டு எனக்கு இண்டைக்குத்தான் விளங்குது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று தெரியாமல் அதை விழுங்கினேன். என் கணவர் உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

நானா அதை வாங்கவில்லை.

"வியாழக்கிழமை அஸர்த் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளை வெளிக்கிடுவான்," என்றார். "நீங்கள்தான் ஓட்டுறீங்கள், மாஸ்டர்."

"நானோ?"

"வேறை ஆர்? எருக்கலம்பிட்டி வரைக்கும் அந்தப் பொனற் உங்கட கண்ணுக்கு முன்னால இருக்கட்டும். பாத்துக்கொண்டே ஓட்டுங்கோ. கழுவுற வாளியை மட்டும் நான் வந்துதான் தூக்குவன்."

வியாழக்கிழமை அல்பிரட் மாஸ்டர் கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையில் ஓட்டினார். எதிரே வாகனம் வந்தால் தூசி படியுமென்று ஓரத்தில் நிறுத்தினார். மாடு கடக்க நின்றார், ஆடு கடக்க நின்றார், ஒரு சைக்கிள் முந்திப் போக வழி விட்டார். கால் மணி நேரப் பயணம். மணமகன் தன் நிக்காஹ்வுக்கு அரை மணி நேரம் பிந்திப் போய்ச் சேர்ந்தார்.